ஊரிலிருந்து கப்பலில் சரக்கு எடுப்பவர்களுக்கு: எந்த இடத்தில் சட்டம் கைகொடுக்கும்?

கண்டெய்னர் ஃப்ரைட், அதாவது கப்பல் கட்டணம், ஏறிவிட்டது, எந்த ஆபீஸில் புகார் கொடுக்கலாம் என்று சிராங்கூன் ரோட்டுக் கடைக்காரர்கள் என்னிடம் கேட்பது வழக்கம். எங்கேயும் கொடுக்க முடியாது. ஒரு பெட்டிக்கு இவ்வளவுதான் வாங்க வேண்டும் என்று சிங்கப்பூரில் எந்த அரசுத் துறையும் விலை நிர்ணயிப்பதில்லை. போட்டிச் சட்டத்தில்கூட லைனர் கப்பல் (அட்டவணைப்படி ஓடும் கப்பல்) கம்பெனிகளின் சில ஒப்பந்தங்களுக்கு 2006 முதல் விலக்கு கொடுத்து வைத்திருக்கிறார்கள். ஒருவர் கப்பலில் இன்னொருவர் இடம் பகிர்ந்துகொள்வது அந்த வகை.

தஞ்சோங் பகார் பக்கம் சரக்கு அனுப்பும் ஏற்பாட்டைச் செய்து தரும் ஒரு சின்ன ஃபார்வர்டர் கம்பெனியில் டாக்குமெண்ட் மேசை என்னுடையது. பி.எல். (சரக்கை ஏற்றியதற்கான ரசீதும் ஒப்பந்தமுமான தாள்), பெர்மிட் (சுங்க அனுமதி), டி.ஓ. (வந்த சரக்கை எடுக்க விடும் உத்தரவு), இவைதான் நாள் முழுக்க. அங்கே உட்கார்ந்து பார்த்ததில் ஒன்று தெளிவு. விலையைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் சட்டம் இருக்கிறது: பெட்டியின் எடை, உள்ளே இருக்கும் பொருள், கப்பல் எரிக்கும் எண்ணெய், மாலுமியின் ஓய்வு நேரம், சரக்கு கெட்டால் எவ்வளவு நஷ்டஈடு, எத்தனை நாளுக்குள் கேட்க வேண்டும் என்பது வரை. நம் ஆட்கள் விலைக்காக மணிக்கணக்கில் பேசுவார்கள், தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவார்கள். சண்டை போட வேண்டிய இடம் தாள்தான்.

விலையைச் சந்தையிடம் விட்டால் என்ன ஆகும் என்பது தூத்துக்குடிக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். வ.உ.சி. 1906-இல் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி தொடங்கியதும், எதிர்த்த வெள்ளைக்காரக் கம்பெனி டிக்கெட் விலையை அடிமட்டத்துக்கு இறக்கியது. கடைசியில் சும்மா ஏற்றிக்கொண்டு போய்க் குடையும் கொடுத்தார்கள் என்று இன்றும் சொல்வார்கள். சரி, நம் விஷயத்துக்கு வருவோம்.

சரக்கு வாங்கும்போதே

சப்ளையர் "சி.ஐ.எஃப். சிங்கப்பூர் போட்டுக்கிறேன் அண்ணே, ஃப்ரைட் நான் பாத்துக்கிறேன்" என்றால் சந்தோஷப்படாதீர்கள். சி.ஐ.எஃப். என்பது சரக்கு, காப்புறுதி, ஃப்ரைட் மூன்றும் சேர்த்த விலை. அவர் ஆகக் குறைந்த ஃப்ரைட் சொல்பவரிடம் சரக்கைக் கொடுப்பார். குறிப்பாக, பலர் சரக்கை ஒரே பெட்டியில் சேர்த்து அனுப்பும் எல்.சி.எல்.லில், ஃப்ரைட்டே வேண்டாம் என்று சொல்லிச் சரக்கை இழுப்பவர்களும் உண்டு. அந்தக் காசை எங்கே எடுப்பார்கள்? இங்கே, உங்களிடம். டி.ஓ. கட்டணம், டி.எச்.சி. (துறைமுகத்தில் பெட்டியைக் கையாளும் கட்டணம்), கிடங்கில் பெட்டி பிரிக்கும் கட்டணம், இன்னும் பெயர் புரியாத இரண்டு மூன்று வரிகள். சரக்கு அவர்கள் கையில் இருக்கும்போது நீங்கள் பேரம் பேச முடியாது, இந்தக் கட்டணங்களுக்கு அரசு உச்சவரம்பும் இல்லை.

அதனால் முடிந்தவரை எஃப்.ஓ.பி. வாங்குங்கள், அதாவது கப்பலில் ஏற்றும் வரை சப்ளையர் செலவு, ஃப்ரைட் உங்கள் செலவு. ஃபார்வர்டரை நீங்களே பிடியுங்கள். சிங்கப்பூர் பக்கத்து லோக்கல் சார்ஜ் எல்லாவற்றையும் வரிவரியாக எழுதி, தேதி போட்டு, மின்னஞ்சலில் வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் ஆடியோவில் சொன்னது வேண்டாம். சி.ஐ.எஃப்.தான் வழி என்றால், இங்கே டி.ஓ. கொடுக்கப்போகும் ஏஜெண்ட் யார் என்று சரக்கு ஏறும் முன்பே கேட்டு, அவருடைய கட்டணப் பட்டியலை வாங்கிவிடுங்கள்.

எண்ணெய் சர்சார்ஜ் (கூடுதல் கட்டணம்) பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உலகக் கடல்சார் அமைப்பான ஐ.எம்.ஓ. 2020 ஜனவரி 1 முதல் கப்பல் எண்ணெயில் கந்தகம் 0.50 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக்கூடாது என்றது. கழிவுநீரைக் கடலில் விடும் வகைக் கந்தக வடிப்பானைத் துறைமுகத்துக்குள் இயக்கச் சிங்கப்பூரும் அன்றே தடை போட்டது. நல்ல விதி. அந்தச் செலவு சர்சார்ஜாக உங்கள் பில்லில் வந்தது. எண்ணெய்க்கு விதி போட்ட அரசுகள் சர்சார்ஜுக்குப் போடவில்லை. ஆக, விலை கேட்கும்போதே "எல்லா சர்சார்ஜும் சேர்த்து" என்று கேளுங்கள்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது

கடைச் சரக்கில் பாதிப் பிரச்சினை இங்கேதான். பேக்கிங் லிஸ்டில் "பூஜை சாமான்" என்று ஒரே வரி. உள்ளே விளக்குத்திரி, ஊதுவத்தி, கற்பூரம். ஊதுவத்தி பொதுவாகத் தொல்லை தராது. ஆனால் நாம் சாமிக்கு ஏற்றும் செயற்கைக் கற்பூரம், கப்பல் சரக்குக்கான ஐ.எம்.டி.ஜி. விதித்தொகுப்பில் ஆபத்தான சரக்கு: எண் யூ.என். 2717, வகுப்பு 4.1, தீப்பற்றும் திடப்பொருள். அதைச் சொல்லாமல் மளிகையோடு மளிகையாக ஏற்றினால் குற்றம். தீப்பெட்டியும் 4.1. கொப்பரை 4.2, தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும் வகை. பிண்ணாக்கிலும் பல அதே வகையில் வரும். கரியும் அப்படியே, தேங்காய் ஓட்டுக்கரி எடுப்பவர்கள் கவனிக்க வேண்டும், முன்பு சோதனைச் சான்றிதழைக் காட்டி விலக்கு வாங்கிய வழி 2026 ஜனவரியோடு அடைபட்டுவிட்டது. சென்ட் வகுப்பு 3, தீப்பற்றும் திரவம்.

"ஒரு பெட்டி சூடம்தானே அக்கா" என்பார்கள். சிங்கப்பூர்க் கொடி பறந்த எக்ஸ்பிரஸ் பேர்ல் 2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே எரிந்ததே, அதிலும் கதை ஒரு கண்டெய்னரில் கசிந்த நைட்ரிக் அமிலத்தில்தான் ஆரம்பித்தது. கத்தாரிலும் குஜராத்தின் ஹசீராவிலும் அந்தப் பெட்டியை இறக்க முடியவில்லை. கப்பலோடு ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் போயின, இலங்கையின் மேற்குக் கடற்கரை நெடுக பிளாஸ்டிக் மணிகள் ஒதுங்கின. அத்தனை பெட்டிகளுக்கும் ஒவ்வொரு சொந்தக்காரர் இருந்தார்.

இந்தப் பக்கம் சிங்கப்பூர் விதிகள். உணவுப் பொருள் என்றால் சிங்கப்பூர் உணவு அமைப்பிடம் இறக்குமதியாளராக உரிமமோ பதிவோ வேண்டும்; அதற்கு மேல் ஒவ்வொரு சரக்குக்கும் தனிப் பெர்மிட். லேபிள் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும், தமிழில் மட்டும் அச்சடித்த ஊறுகாய் பாட்டில் போதாது. லேகியம், சூரணம் எல்லாம் சுகாதார அறிவியல் ஆணையத்தின் வேலை. பாதரசம், ஈயம், ஆர்சனிக்குக்கு அங்கே வரம்பு வைத்திருக்கிறார்கள். மிக்ஸி, கிரைண்டர் எடுத்தால் பாதுகாப்புக் குறி இல்லாமல் விற்க முடியாது.

கசகசாவைத் தொடவே வேண்டாம். ஊரில் அண்ணாச்சி கடையில் பொட்டலம் கட்டித் தருவார்கள், இங்கே அது போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவின் தடைப் பட்டியலில் இருக்கிறது. முழுசாக மட்டும் இல்லை, குருமா மசாலாத்தூள் பாக்கெட்டின் பின்பக்கச் சேர்மானத்தையும் படியுங்கள்.

எடை

முழுப் பெட்டியாக எடுப்பவர்களுக்கு மட்டும். 2016 ஜூலை 1 முதல் கப்பல் பாதுகாப்புக்கான சோலாஸ் ஒப்பந்தப்படி, நிரப்பிய கண்டெய்னரின் சரிபார்த்த எடையை ஷிப்பர் (சரக்கை அனுப்புபவர்) கொடுத்தால்தான் கப்பலில் ஏற்றலாம். நாங்கள் வி.ஜி.எம். என்போம். நிரப்பிய பெட்டியை அப்படியே எடைமேடையில் நிறுத்துவது ஒரு வழி. உள்ளே போகும் ஒவ்வொன்றையும், அட்டை, பலகை, கட்டும் கயிறு உட்பட எடைபோட்டு, கதவில் எழுதியிருக்கும் காலிப் பெட்டி எடையோடு கூட்டுவது இன்னொன்று. ஊரிலிருந்து வரும்போது இது சப்ளையர் வேலை, இங்கிருந்து மறு ஏற்றுமதி செய்தால் உங்கள் வேலை. இன்வாய்ஸில் உள்ள நிகர எடையைத் தூக்கி வி.ஜி.எம். கட்டத்தில் போடும் பழக்கம் இருக்கிறது. வேண்டாம். வி.ஜி.எம்., பி.எல்., பேக்கிங் லிஸ்ட் மூன்றும் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தால், நஷ்டஈடு கேட்கும் அன்றைக்கு எதிர்த்தரப்பு முதலில் எடுத்து வைப்பது அதைத்தான்.

பி.எல். படிப்பது எப்படி

இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள், மற்றதை ஓட்டிவிட்டாலும் பரவாயில்லை.

சப்ளையர் அனுப்பும் டிராஃப்டிலேயே திருத்த வேண்டும். கப்பல் கிளம்பிய பிறகு திருத்தினால் காசு. முதலில் கீழே வலப்பக்கம் யார் கையெழுத்து என்று பாருங்கள். கப்பல் கம்பெனி கொடுத்தது மாஸ்டர் பி.எல்., ஃபார்வர்டர் கொடுத்தது ஹவுஸ் பி.எல். பிறகு வழக்கு என்று வந்தால், கையில் எந்த பி.எல். இருக்கிறதோ அதில் கேரியராக, அதாவது சரக்கைக் கொண்டுபோகப் பொறுப்பேற்றவராக, நிற்பவரிடம்தான் பொதுவாகப் போக முடியும். நடுக்கடலில் பெட்டியைத் தூக்கிப்போகும் பெரிய கம்பெனியின் பெயர் கப்பலில் எவ்வளவு பெரிதாக எழுதியிருந்தாலும் சரி.

அடுத்தது பொருள் விவரக் கட்டம். இங்கே ஒரே ஒரு வரியில் நிறையப் பணம் இருக்கிறது. இந்தியத் துறைமுகத்திலிருந்து கிளம்பும் சரக்குக்கு இந்தியாவின் கடல்வழிச் சரக்குச் சட்டம் பொருந்தும். நூறாண்டு ஓடிய 1925-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2025-இல் புதியது வந்திருக்கிறது. சிங்கப்பூரிலிருந்து கிளம்புவதற்கு இங்குள்ள 1972-ஆம் ஆண்டுச் சட்டம். இரண்டுக்கும் வேர் 1924-இல் பிரஸ்ஸல்ஸில் போட்ட ஹேக் விதிகளும் 1968-இன் விஸ்பி திருத்தமும். அதன்படி கேரியர் தரவேண்டிய நஷ்டஈட்டுக்கு உச்சவரம்பு உண்டு. இந்தியச் சட்டம் வைத்திருக்கும் கணக்கு: ஒரு பொட்டலத்துக்கு 666.67 எஸ்.டி.ஆர்., அல்லது கிலோவுக்கு 2 எஸ்.டி.ஆர்., எது கூடுதலோ அது. எஸ்.டி.ஆர். என்பது அனைத்துலகப் பண நிதியத்தின் கணக்கு அலகு. டாலர், யூரோ, யுவான், யென், பவுண்டு ஐந்தையும் வைத்து மதிப்பிடுகிறார்கள்.

ஒரு பெட்டியில் 480 அட்டைப்பெட்டி, ஒன்று 12 கிலோ, மொத்தம் 5,760 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். பி.எல்.லில் "ஒரு கண்டெய்னர், மளிகைப் பொருள்" என்று மட்டும் இருந்தால், அந்தக் கண்டெய்னரே ஒரு பொட்டலம். பொட்டலக் கணக்கில் 666.67, எடைக் கணக்கில் 11,520. கூடியது 11,520 எஸ்.டி.ஆர்., அவ்வளவுதான் உச்சம். அதே தாளில் "480 அட்டைப்பெட்டிகள் கொண்ட ஒரு கண்டெய்னர்" என்று எழுதியிருந்தால், பொட்டலக் கணக்கு 480 முறை பெருகி 320,000 எஸ்.டி.ஆரைத் தொடும். யாரும் அவ்வளவு தரப்போவதில்லை, சரக்கின் மதிப்புத்தான் கிடைக்கும். ஆனால் உச்சவரம்பு உங்களைத் தடுக்காது. சப்ளையரிடம் ஒரு வரி சேர்க்கச் சொல்லச் செலவு ஒன்றும் இல்லை. எந்தப் பொருள் எத்தனை பெட்டி என்று பிரித்து எழுதினால் இன்னும் நல்லது.

அசல் பி.எல். வழக்கமாக மூன்று பிரதி. சரக்கு வந்தும் அசல் வரவில்லை என்றால் பெட்டி துறைமுகத்தில் நிற்கும், வாடகை ஓடும், கம்பெனி வங்கி உத்தரவாதம் கேட்கும். பல வருஷப் பழக்கமுள்ள சப்ளையர் என்றால் டெலெக்ஸ் ரிலீஸ் (அசல் தாள் இல்லாமலே சரக்கை விடும் ஏற்பாடு) போதும். புது ஆள் என்றால் அசலோடு பணத்தை முடிச்சுப் போடுவதுதான் பாதுகாப்பு. மின்னணு பி.எல்.லுக்கும் சிங்கப்பூரில் 2021 மார்ச் முதல் காகிதத்துக்கு இணையான சட்ட மதிப்பு இருக்கிறது. என் மேசைக்கு வருவது இன்னும் பெரும்பாலும் காகிதம்தான்.

காப்புறுதி எடுங்கள்

இதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. ஹேக்-விஸ்பி விதியில் கேரியருக்கு நீண்ட விலக்குப் பட்டியல் இருக்கிறது. மாலுமி கப்பலைத் தப்பாக ஓட்டி மோதினால்கூட, அந்த ஓட்டும் பிழைக்குக் கம்பெனி பொறுப்பில்லை. வெளி ஆட்களுக்கு இது நம்பவே முடியாது. தீ விபத்தும் அப்படியே, கம்பெனியின் சொந்தத் தவறு என்று நிரூபித்தால் ஒழிய. போதாததற்கு ஜெனரல் ஆவரேஜ்: கப்பலைக் காப்பாற்றச் செய்த செலவை, சேதமே ஆகாத சரக்கின் சொந்தக்காரரும் பங்கு போட வேண்டும். 2021 மார்ச்சில் சூயஸில் சிக்கிய எவர் கிவன் கப்பலில் அதைத்தான் அறிவித்தார்கள். காப்புறுதி இருந்தால் அந்தப் பங்குக்கான உத்தரவாதக் கடிதத்தைக் காப்புறுதிக் கம்பெனி கொடுத்துவிடும், இல்லாவிட்டால் நீங்கள் ரொக்கம் கட்டித்தான் பெட்டியை எடுக்க வேண்டும். இன்ஸ்டிடியூட் கார்கோ கிளாசஸ் (சரக்குக் காப்புறுதி நிபந்தனைகள்) 'ஏ' என்று கேட்டு எடுங்கள். 'சி' மலிவு, ஆனால் மழைநீரோ திருட்டோ அதில் இல்லை.

சிங்கப்பூர் வந்ததும்

யூ.இ.என். (நிறுவனப் பதிவு எண்) இருக்க வேண்டும், சுங்கத்துறைக் கணக்கைத் திறந்து வைத்திருக்க வேண்டும். பெர்மிட் டிரேட்நெட் என்ற மின்னணு முறை வழியாகத்தான். 1989 முதல் ஓடுகிறது. எங்களைப் போன்ற டிக்ளேரிங் ஏஜெண்ட் போட்டுத் தருவோம், ஆனால் கொடுக்கும் தகவலுக்குப் பொறுப்பு நீங்களும்தான். மது, புகையிலை, பெட்ரோலியம், வாகனம் தவிர வேறு எதற்கும் தீர்வை இல்லை, ஜி.எஸ்.டி. 9 விழுக்காடு அநேகமாக எல்லாவற்றுக்கும். அதைச் சரக்கு விலைக்கு மட்டும் கணக்குப் போடுவார்கள் பலர். சரக்கு 8,000 வெள்ளி, ஃப்ரைட் 600, காப்புறுதி 60 என்றால் 8,660-க்கு 9 விழுக்காடு, 779 வெள்ளி 40 காசு. தாள்களை ஐந்து வருஷம் வைத்திருங்கள்.

டெமரேஜ் (பெட்டி துறைமுகத்தில் கூடுதல் நாள் நின்றால் வரும் கட்டணம்), டிட்டென்ஷன் (பெட்டியைத் திருப்பித் தரத் தாமதித்தால் வருவது) இரண்டுக்கும் இங்கே தனிச் சட்டம் இல்லை, ஒப்பந்தம் சொல்வதுதான். அதனால் இலவச நாள்கள் எத்தனை, எந்த நாளிலிருந்து எண்ணுவார்கள், ஞாயிறும் பொது விடுமுறையும் சேருமா என்று புக்கிங்கிலேயே எழுதி வாங்குங்கள். தீபாவளிச் சரக்கு எடுப்பவர்களுக்கு இது இரண்டு மடங்கு முக்கியம். அமெரிக்காவுக்கு மசாலா அனுப்பும் சிலர் என்னிடம் வருவார்கள். அந்தப் பக்கம் நிலைமை வேறு. அங்கே 2022-இல் கப்பல் சட்டத்தைத் திருத்தி, 2024 மே 28 முதல் டெமரேஜ் பில்லை 30 நாளுக்குள் அனுப்ப வேண்டும், என்னென்ன விவரம் இருக்க வேண்டும் என்று விதி வைத்துவிட்டார்கள். தாமதமாக வந்த பில்லைக் கட்டத் தேவையில்லை. அங்கே அதற்கென்று பெடரல் மாரிடைம் கமிஷன் இருக்கிறது, நமக்கு அந்த வசதி கிடையாது.

சரக்கு நனைந்து வந்தால்

பெட்டி வந்ததும் முதலில் சீல். எண்ணை பி.எல்.லோடு ஒப்பிட்டு, வெட்டும் முன் படம் எடுங்கள். பிறகு கதவு, உள்ளே முதல் வரிசை, தரை, கூரை.

டன்லப் ஸ்திரீட்டில் ஒரு கடைக்காரருக்கு அப்பளப் பெட்டி வந்தபோது போன் பண்ணினார்: "அக்கா, மேல் வரிசை பூரா ஈரம், கீழே காஞ்சு கிடக்கு." சேதத்தைச் சோதிக்கும் சர்வேயர் வந்தார். காலிப் பெட்டிக்குள் நின்று கதவைச் சாத்தச் சொன்னார். இருட்டில் கூரை மூலையில் குண்டூசித் தலை அளவுக்கு வெளிச்சம். அட்டையின் ஈரத்தில் சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு விட்டார், பால் போல வெளுத்தது. உப்புத் தண்ணீர். ஓட்டைப் பெட்டியில் கடல்நீர் இறங்கியிருக்கிறது, கம்பெனி பதில் சொல்ல வேண்டும். வெளுக்காமல் இருந்திருந்தால், உள்ளே வியர்த்த நீர் என்று சொல்லிப் பேக்கிங் மேல் பழி போட்டிருப்பார்கள். ஈரம் காய்வதற்குள் இந்தச் சோதனை நடக்க வேண்டும். சரக்கை முழுக்க இறக்கி அடுக்கிவிட்டு சர்வேயரைக் கூப்பிடுவதில் பயனில்லை.

சேதம் கண்ணுக்குத் தெரிந்தால் எடுக்கும்போதே டெலிவரி தாளில் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வெளியே தெரியாத சேதம் என்றால் மூன்று நாளுக்குள் கேரியருக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். மூன்று நாள் தாண்டினால் உரிமை போய்விடாது, ஆனால் நல்லபடியாக ஒப்படைத்ததாகவே எடுத்துக்கொள்வார்கள், நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில். காப்புறுதிக் கம்பெனிக்கும் அன்றே சொல்லுங்கள்.

ஃபார்வர்டரோடு கட்டணத் தகராறு என்றால் 20,000 வெள்ளி வரை சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் வக்கீல் இல்லாமலே கேட்கலாம், இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் 30,000 வரை. பி.எல். மேல் வரும் சேத வழக்குக்குப் பின்பக்கப் பொடி எழுத்தைப் பாருங்கள். எந்த ஊர் நீதிமன்றம் என்று அங்கே போட்டிருப்பார்கள்.

கெடு ஓராண்டு, சரக்கை ஒப்படைத்த நாளிலிருந்து. சில ஃபார்வர்டர்களின் சொந்த நிபந்தனைகளில் அதைவிடக் குறைவு. ஓராண்டுக்குள் வழக்குப் போடாவிட்டால் கேரியர் பொறுப்பு முழுசாக விலகிவிடும். "உங்கள் கோரிக்கையைப் பரிசீலித்துக்கொண்டிருக்கிறோம்" என்று மரியாதையாக மாதம் ஒரு மின்னஞ்சல் வரும், பதினோராம் மாதம் வரைக்கும் வரும். அது நீட்டிப்பு இல்லை. எட்டாம் மாதமே, இந்தத் தேதி வரை கெடுவை நீட்டித் தருகிறோம் என்று தேதியோடு எழுதிக் கேளுங்கள். தரவில்லை என்றால் ஒன்பதாம் மாதம் வக்கீலைப் பாருங்கள்.